வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான சாரதிப் பயிற்சி உதவிப்பணம் என்றால் என்ன?
வாகனம் பழகும் செலவைப் பிள்ளைக்காக வேறொருவர் ஏற்பதுதான் இது. யாழ்ப்பாணத்தில் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிற்சி, செயன்முறைப் பரீட்சை என்று ஒவ்வொரு படியிலும் காசு வேண்டும். பயிற்சிக்குப் போவதே பெரிய பங்கு. ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் ஓட்டோவோ வேனோ ஓடி உழைக்கலாம். மீன்பிடிக்கும் ஊரான குருநகரில் வலையில்லாத பையனிடம் மீன் விற்று வலை வாங்கு என்று சொன்னால் எப்படி? முதல் வலையை யாராவது கொடுத்தே ஆகவேண்டும்.

சரி, யாரிடம் கேட்பது? பிரதேச செயலகத்திலும் ஊர்ச் சனசமூக நிலையத்திலும் விசாரியுங்கள். வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர் பலர் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். இதையும் அவர்கள் படிப்பாகவே எண்ணவேண்டும் என்பது என் ஆசை.

உதவி கிடைத்தால் அனுமதிப்பத்திரமும் கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பரீட்சைகளிலும் தேறவேண்டும்.