இஸ்ஃபஹானில் வாங்கிய ஹாஃபிஸ் தாள் அசலா?

கேள்வி: ஈரானில் இஸ்ஃபஹான் நகரக் கடைவீதியில் பழைய கையெழுத்துத் தாள் ஒன்று வாங்கினேன். நடுவில் போலோ ஆட்டப் படம், மேலும் கீழும் பாரசீக எழுத்து, சுற்றிலும் தங்கக் கோடு. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதை, 400 வருஷப் பழசு என்றார் கடைக்காரர். நம்பலாமா? லேமினேட் செய்து மாட்டலாமா?

பதில்: முதலில் லேமினேட் எண்ணத்தை விடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் சூட்டோடு ஒட்டிவிட்டால் தாளைச் சேதமில்லாமல் பிரிக்க வழியே இல்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் எனக்கு உறுத்தியது படமல்ல, எழுத்து. பாரசீகக் கவிதையில் ஈரடியின் இரண்டு அடிகளும் ஒரே வரியில், நடுவே இடைவெளி விட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். தள்ளி நின்று பார்த்தாலே இரண்டு தூண் போலத் தெரியும். உங்கள் தாளில் வரிகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விடாமல் ஓடுகின்றன. இது உரைநடை. ஹாஃபிஸ் தன் கஸல்களின் (ஈரடிகளால் ஆன பாடல்களின்) கடைசி ஈரடியில் பெரும்பாலும் தன் பெயரை வைப்பார், தியாகராஜர் கீர்த்தனையில் முத்திரை வருகிற மாதிரி. அதையும் காணோம்.

அடுத்து, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுதுபவர்தான் முதலில் எழுதுவார், படத்துக்கு இடம் விட்டு. தங்க வேலையும் ஓவியமும் அப்புறம். அதனால் வண்ணத்துக்கு அடியில் எழுத்து இருக்கக் கூடாது. உங்கள் குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு வரியின் நிழல் தெரிவதாக எனக்குப் படுகிறது. ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் தாளைக் கிழித்து அதன்மேல் புதுப் படம் வரைந்து விற்பது, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடக்கும் வியாபாரம்.

ஆனால் எழுத்து கையெழுத்துதான். 19ஆம் நூற்றாண்டில் ஈரானிலும் இந்தியாவிலும் கல்லச்சில் (கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சடிப்பது) வந்த புத்தகங்கள் பார்ப்பதற்குக் கையெழுத்து மாதிரியே இருக்கும்; ஆனால் கருப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். உங்கள் தாளில் மூன்றாவது வரியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மசி மெல்ல வெளுத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் திடீரென்று கருக்கிறது. நாணல் பேனாவை மறுபடி தோய்த்த இடம் அது. சொற்கள் வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் சறுக்கி, படகு மாதிரி வளைந்து முடிகின்றன, இல்லையா? அதுதான் நஸ்தலீக். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரானில் உருவான எழுத்துமுறை. மிர் அலி தப்ரீஸி என்ற எழுத்துக்கலைஞர் வகுத்தது என்பது மரபு.

400 வருஷமா என்று ஒற்றைத் தாளை வைத்துச் சொல்ல மாட்டேன். எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டும், இருந்தால், நூலின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே வரிகள் குறுகிக் குறுகி முக்கோணமாக முடியும். (ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும். 900 என்றால் 1495.)

சரி, பாதுகாப்பு. அந்த மசி விளக்குக்கரியும் பிசினும் கலந்தது. வேட்டிக்குப் போடுவதுபோல தாளுக்கும் கஞ்சி போட்டு, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். மசி உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஈர விரல் பட்டால் போச்சு. அமிலமில்லாத அட்டையில், பசை தடவாமல் மூலைகளில் மட்டும் செருகி, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டம் போடுங்கள். வெயில் படாத சுவராக இருக்கட்டும்.

சட்டம் போடும் முன் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கீழே இடது மூலையில் தனியாக ஒரு சொல் இருந்தால் அதுவும் தெளிவாக விழட்டும். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அது. என்ன நூல் என்று தேட உதவும்.