‘ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிடம்!’ - வீட்டுக் கேள்விகள்

நானும் கணவரும் நகரத்தின் நடுவில் வேலை பார்க்கிறோம். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் பையனோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். இப்போது கொடுக்கும் வாடகை அளவுக்கே தவணை கட்டினால், 45 கிலோமீட்டர் தள்ளி மூன்று அறை வீடு கிடைக்கிறது. ‘ஸ்டேஷனுக்கு 10 நிமிடம், ரயிலில் 50 நிமிடம்’ என்கிறார் விற்பவர். ஒரு மணி நேரம்தானே, சமாளித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்குத்தான் தயக்கம்.

தயக்கம் நியாயமானது. அந்த 10 நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலி ரோட்டில், விற்பவரின் காரில் நீங்கள் போய்ப் பார்த்த 10 நிமிடம். வாங்கிய பிறகு போகப்போவது திங்கட்கிழமை காலை.

நான் இப்படி ஓர் ஊரில் நாலு வருடம் வாடகைக்கு இருந்தவன். வண்டி சீட்டில் பனி கோத்திருக்கும், அதைத் துடைக்க ஒரு பழைய துணி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தில் மூன்று வண்டிகளை நகர்த்தி நம்முடையதைச் செருக 4 நிமிடம், அப்புறம் நடைமேம்பாலம் ஏறினால் பாதிப் பாலத்தில் இருக்கும்போதே கீழே ரயில் கிளம்புவது தெரியும், அடுத்தது 22 நிமிடம் கழித்து. நகரத்தில் இறங்கி அலுவலகத்துக்கு இன்னொரு பஸ். என்னுடைய ‘ஒரு மணி நேரம்’ நல்ல நாளிலேயே ஒன்றரை மணி நேரமாக இருந்தது.

போக ஒன்றரை, வர ஒன்றரை, நாளுக்கு 3 மணி நேரம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 720 மணி நேரம், அதாவது ராத்திரி பகலாக முழுசாய் 30 நாள். மனிதர்கள் நடந்து போன காலத்திலும் சரி, கார் வந்த பிறகும் சரி, ஒரு நாளைக்குப் போகவர ஒதுக்கும் நேரம் மொத்தமாகவே சுமார் 1 மணி நேரம்தான் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். வாகனம் வேகமாகும்போது நேரம் மிச்சமாவதில்லையாம், வீடுதான் இன்னும் தள்ளிப் போகிறதாம். நீங்கள் அந்த 1 மணி நேரத்தை மூன்று மடங்காக்கப் பார்க்கிறீர்கள்.

‘பெரிய வீடு கிடைக்கிறதே, அதில் சரிக்கட்டிவிடாதா?’ என்று கணவர் கேட்பார். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அலோய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பயணம் நீள நீள வாழ்க்கையில் திருப்தி குறைவதுதான் தெரிந்தது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை முழுசாக ஈடுகட்டவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. புது வீட்டின் மூன்றாவது அறை ரெண்டு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும், தவறவிட்ட ரயில் மட்டும் பத்தாவது வருடமும் புதுசாகவே எரிச்சல் தரும்.

இன்னொன்றை இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பையனுக்கு ஜுரம் என்று மதியம் 12 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, நீங்கள் இருவரும் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள், யார் போவது? ‘பார்த்துக்கலாம்’ என்பது பதில் இல்லை, ஓர் ஆளின் பெயர் வேண்டும்.

என் யோசனை, அந்த ஊரிலேயே 6 மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாவிட்டால் ஒரு வாரமாவது ஏதாவது ஓர் அறை எடுத்துத் தங்கி, ரெண்டு பேரும் அங்கிருந்து வேலைக்குப் போய்வாருங்கள். அதில் ஒரு நாள் மழை பெய்தால் உங்கள் அதிர்ஷ்டம்!

வாடகை கொடுப்பது தண்டம்தானே சார்? அதைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்.

வாடகை திரும்பி வராது, சரி. வட்டி மட்டும் வருமா? 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்று வையுங்கள். 100 வாங்கினால் கடைசியில் 216 கட்டியிருப்பீர்கள். முதல் தவணையில் ஏறக்குறைய 83 சதவீதம் வட்டிக்கே போய்விடும். பலர் கவனிக்காத இடம் இதுதான்: 5 வருடம் ஒரு மாதம் தவறாமல் 54 வரை கட்டிய பிறகும் அசலில் குறைந்திருப்பது 11 சொச்சம் மட்டுமே. அந்த நேரத்தில் பயணம் தாங்காமல் விற்கக் கிளம்பினால், வாங்கும்போது கட்டிய பத்திரச் செலவு திரும்பாது, தரகுக் கமிஷனும் வேறு. ஓர் ஊரில் ஏழெட்டு வருடமாவது இருப்போம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் வாடகைக்கு இருப்பதைத் தண்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது பஸ் மட்டும்தான். ஆனால் புது ரயில் பாதை வரப்போகிறது, வந்தால் விலை எகிறும், இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறார் தரகர். வாங்கலாமா?

ரயிலைக் காட்டி வீடு விற்பது நூறு வருடத்துக்கு மேலான தொழில். ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-ல் ஒசாகா பக்கம் ஒரு ரயில் பாதையைத் திறந்தார். வழியில் ஜனமே இல்லை, டிக்கெட் யார் வாங்குவது? பாதையோரம் நிலத்தை வாங்கி, வீடு கட்டி, சம்பளக்காரர்களுக்குத் தவணையில் விற்றார். பாதையின் ஊர்க்கோடியில் வெந்நீர்க் குளியலிடமும் நாடகக் குழுவும், நகரத்துக் கோடியில் 1929-ல் ஒரு பேரங்காடியும் வைத்தார், ரயில் ரெண்டு திசையிலும் நிறைந்து போனது. லண்டனிலும் ஒரு ரயில் கம்பெனி 1915-லிருந்து தன் பாதையோர ஊர்களையெல்லாம் ‘மெட்ரோ லேண்ட்’ என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது.

அங்கெல்லாம் வீட்டுக்கு ஆள் பிடித்தவரும் ரயில் ஓட்டியவரும் ஒரே கை. ரயில் நின்றால் அவருக்கே நஷ்டம். உங்கள் தரகர் எந்த ரயிலும் ஓட்டவில்லை. கமிஷன் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது, அப்புறம் பஸ்ஸில் நிற்பது நீங்கள்தான்.

வரப்போகும் ரயிலுக்கான விலையை இப்போதே விற்பவர் வீட்டு விலையில் ஏற்றியிருப்பார் என்பதையும் பாருங்கள். அந்தப் பாதை வராமலே போனாலும் இந்த வீட்டில் இருப்பேனா என்று உங்களையே கேளுங்கள். இருப்பேன் என்றால் வாங்கலாம்.

வீட்டிலிருந்தே வேலை, மாதம் ரெண்டு நாள்தான் அலுவலகம். தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?

அந்த ஏற்பாடு கடிதத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாயில் இருக்கிறதா? வாயில் என்றால், வாரம் ஐந்து நாளும் போய்வருவதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இந்த மாதிரி ஊருக்கு வந்து 8 மாதம் ஆகிறது. வீடு அருமை, காற்று, வெளிச்சம் எல்லாம் இருக்கிறது. ஆனால் கணவர் காலை 6.30-க்குப் போனால் இரவு 9.30-க்குத்தான் வருகிறார். பகலில் தெருவில் ஓர் ஆள் இல்லை. பேச்சுத் துணை இல்லாமல் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. நன்றி கெட்டவள் மாதிரி இருப்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

நன்றி கெட்டதனம் இதில் எங்கே வந்தது, அம்மா? ஜப்பானில் இப்படிப்பட்ட ஊரை ‘பெட் டவுன்’ என்றே சொல்கிறார்கள், தூங்க மட்டும் வரும் ஊர். நான் இருந்த ஊரில் ஸ்டேஷன் வாசல் கடைகள் மத்தியானமெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கித் தூங்கும், மாலை ரயில்கள் வர ஆரம்பித்ததும் மொத்தமாக விளக்கு எரியும், ஒரு மணி நேரம் திருவிழாதான், அப்புறம் மறுபடி இருட்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேர ஊர் மட்டும்தான் தெரியும். நீங்கள் வாழ்வது மிச்ச ஊரில், அதை உங்கள் கணவர் பார்த்ததே இல்லை.

உங்கள் தெருவில் உங்களைப் போல ஜன்னலோரம் இருப்பவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும். காலை 11 மணிக்குக் குப்பை போடுகிற சாக்கிலாவது வெளியே வந்து நில்லுங்கள், அந்த நேரத்தில்தான் அவர்களும் வெளியே வருவார்கள். பேச்சை யாராவது தொடங்க வேண்டும், நீங்களே தொடங்குங்கள்.

மற்றது கணவர் பக்கம். அவர் எந்த ரயிலில் வருகிறார், அதற்கு முந்தைய ரயில் எப்போது என்று கால அட்டவணையில் பார்த்துவையுங்கள். வாரத்தில் ரெண்டு நாள், செவ்வாயும் வியாழனும் என்று வையுங்கள், அந்த முந்தைய ரயிலைப் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்காதீர்கள். அவர் குளித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும்.