ஔலிக்கு எப்போது போகலாம்? டெல்லி நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டெல்லியில் ஸ்வெட்டர் வெளியே வந்துவிட்டால் நம் குழுவில் ஔலி பற்றிய கேள்விகளும் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே அமர்வில் சொல்லிவிடலாம் என்று கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் ஊருக்கு மேலே, சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை ஏறிப்போகும் புல்வெளிச் சரிவுதான் ஔலி. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, மற்ற மாதங்களில் நம்மவர்கள் அதை மறந்தே போகிறார்கள். அந்த மறதியைப் போக்கத்தான் நான் முக்கியமாக எழுதுகிறேன்.

மயூர் விஹாரிலிருந்து ஒரு அக்கா: பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் பாதியில்தான் லீவு. இப்போதே டிக்கெட் போட்டால் பனி நிச்சயமாக இருக்குமா?

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது அக்கா. சொல்கிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள். அங்கே பனி கொட்டுவது மேற்கிலிருந்து, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்களால். அவை வரிசையாக வந்தால் இடுப்பளவு பனி. வராவிட்டால் ஜனவரி நடுவிலும் பழுப்புப் புல்தான். பனி போதாமல் ஔலியில் போட்டிகளே தள்ளிப்போயிருக்கின்றன. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் இங்கே நடந்தபோது செயற்கைப் பனி தூவுவதற்கென்றே மேலே ஒரு ஏரி வெட்டினார்கள். அந்த ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் டெல்லியில் இரண்டு நாள் மூட்டம் போட்டு மழை தூறினால், அதே சலனம் பெரும்பாலும் மலையில் பனியாக விழுந்துகொண்டிருக்கும். மழை விட்டு வானம் தெளிந்ததும் கிளம்புகிறவருக்குத்தான் புதுப்பனி. லீவை மாற்ற முடிந்தால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வாய்ப்பு அதிகம். மாற்ற முடியாவிட்டால் மலைகளைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போங்கள். பனி வந்தால் அது கூடுதல் வரவு.

நொய்டா, ஐ.டி. வேலை: வயது 41. இதுவரை ஸ்கீ மேல் கால் வைத்ததில்லை. கற்றுக்கொள்ள முடியுமா அண்ணா?

தாராளமாக. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. தனியார் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு கீழே வருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குறைந்தது மூன்று முழு நாட்கள் கொடுங்கள்.

முதல் நாள் பாதிப் பிரச்சினை பூட்ஸில்தான் வரும். ஸ்கீ பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை அசையவே விடாது. நேராக நின்றால் கால்விரல்கள் முன்பக்கம் லேசாக இடிக்க வேண்டும்; முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல்கள் விடுபட்டுக் குதிகால் பின்னால் சிக்கென்று உட்கார வேண்டும். அதுதான் சரியான அளவு. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சில்லிடும். நீளமான ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். தெர்மல் பேன்ட்டின் விளிம்பைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு ஒரு மணி நேரத்தில் கெண்டைக்காலை அறுத்துவிடும்.

அதன் பிறகு, முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி வேகத்தைக் குறைக்கப் பழகுவதுதான் முதல் பாடம். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் கட்டுப்பாடு போகிறது. முழங்காலுக்குக் கீழேயுள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள். மேலே 1,300 மீட்டர் நீளத்தில் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஓடுதளம் இருக்கிறது. அது முதல் வாரத்துக்கு உரியதல்ல. ஓரமாக நின்று, நன்றாகப் பழகியவர்கள் இறங்குவதைப் பாருங்கள். அதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

ஜனக்புரி: குல்மார்க்கா, ஔலியா? ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.

பனியும் சறுக்கும் மட்டுமே வேண்டுமென்றால் குல்மார்க். அங்கே கொண்டோலா என்ற ரோப்வே ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை ஏற்றிவிடும், பனியும் ஆழம். மலைச்சிகரங்களும் கோயிலும் நடையும் சேர்த்து வேண்டுமென்றால் ஔலி. வார இறுதி மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் இரண்டும் வேண்டாம். சிம்லாவைத் தாண்டி நார்கண்டா போய்விட்டு வாருங்கள்.

துவாரகா: ரோப்வேயில் போகத்தான் ஆசை. ஓடுகிறதா?

ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் அந்த நான்கு கிலோமீட்டர் ரோப்வே 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஊரில் நிலம் விரிசல் விட்டதுதான் காரணம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், சாலை வழியாகவே போகிறோம் என்று கணக்கிடுங்கள். மேலே ஔலிக்குள் ஓடும் சேர்லிஃப்ட் வேறு. இரண்டையும் குழப்பிப் பேசி டிக்கெட் விற்பவர்கள் உண்டு, எச்சரிக்கை.

முனிர்க்கா, ஜே.என்.யூ. மாணவி: புதைந்துகொண்டிருக்கும் ஊருக்குச் சுற்றுலா போவது சரியா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றிம்மா. ஜோஷிமட் உறுதியான பாறையின் மேல் நிற்கவில்லை, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண், கல் மேடு மீது நிற்கிறது. பெரிய கட்டுமானம் கூடாது, மரம் வெட்டக் கூடாது, வெடி வைக்கக் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எழுதிவைத்தது. யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்தன. 2022 டிசம்பர் 27 முதல் 12 நாட்களில் ஊர் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வீட்டுக்குள் ஓடும் விரிசலைக் கையால் தொட்டுக் காட்டிய குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் போகவேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்குள்ளவர்களுக்கு வருமானமே வந்துபோகிறவர்களால்தான். எப்படிப் போகிறோம் என்பதில் கவனம் இருக்கட்டும். புதிதாக எழும்பும் அடுக்குமாடி ஹோட்டல் வேண்டாம். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் தங்குங்கள். கழிவுநீர் மண்ணுக்குள் இறங்குவதும் அந்த ஊரின் பிரச்சினைகளில் ஒன்று, அதனால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். குப்பையைப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். 2019 ஜூனில் ஔலியில் நடந்த ஒரு கோடீஸ்வரர் வீட்டுக் கல்யாணம் டன் கணக்கில் குப்பையை விட்டுச்சென்று, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அந்தப் புல்வெளி அதைத் தாங்காது.

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒரு மாமி: எங்களுக்கு ஸ்கீயெல்லாம் வேண்டாம். பத்ரி சேவிக்கணும். ஔலியையும் சேர்த்துக்கலாமா?

அவசியம் சேர்த்துக்கோங்கோ மாமி. இதில்தான் நம்மவர்களுக்கு நிறைய இருக்கிறது. பத்ரிநாத் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். வழியில் ஜோஷிமட்டையே திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று சேவிக்கிறார்கள். தேவப்ரயாகை பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். அதாவது ரிஷிகேஷிலிருந்து ஒரே சாலையில் மூன்று திவ்யதேசங்கள். தேவப்ரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கலக்கும் படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தெற்கே இருந்தவர்கள் இந்த இடத்தை எப்படிப் பாடினார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

குளிர்காலத்தில் பத்ரி நடை சாத்தியிருக்கும். சுமாராக நவம்பர் நடுவில் சாத்தி, ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் திறப்பார்கள். அந்த மாதங்களில் ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கு வந்துவிடும். உத்தவர், குபேரர் விக்ரகங்கள் வழியிலுள்ள பாண்டுகேஸ்வரில் இருக்கும். அதனால் பிப்ரவரியில் போனாலும் சேவை உண்டு, கூட்டம் கிடையாது. நரசிம்மரின் ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது, அது இற்று விழும் நாளில் பத்ரிக்குப் போகும் வழி அடைபடும் என்பது அங்கே சொல்லப்படும் நம்பிக்கை. அர்ச்சகரிடம் கேளுங்கோ, அழகாகச் சொல்வார். மே, ஜூனில் பத்ரி போவதானால் சார்தாம் யாத்திரைப் பதிவு கட்டாயம்.

அதே மாமி: மாமாவுக்கு 72 வயசு, பி.பி. உண்டு. உயரம் ஒத்துக்குமா?

3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். மூச்சு வாங்குவது சகஜம். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கோ. ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். முதல் இரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் மேலே போனால் உடம்பு கொஞ்சம் பழகும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிடணும்.

லக்ஷ்மி நகர்: காலேஜ் லீவு ஜூலையில். மழையில் போகலாமா?

ஔலிக்காக மட்டும் என்றால் வேண்டாம் தம்பி. மூடுபனியில் எதிரே நிற்கும் மலைகூடத் தெரியாது, சாலையில் எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு விதிவிலக்கு, பூக்களின் பள்ளத்தாக்கு. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும், பூ நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. கோவிந்த்காட் வழியாகக் காங்கரியா ஏறி, அங்கே தங்கி, மறுநாள் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்ப வேண்டும். உள்ளே இரவு தங்க அனுமதியில்லை. சாலை அடைபட்டால் காத்திருக்க இரண்டு உபரி நாட்களோடு போங்கள்.

கரோல்பாக்: உங்களுக்குப் பிடித்த மாதம் எது அண்ணா?

யோசிக்காமல் சொல்வேன், அக்டோபர். மழை கழுவிவிட்ட வானம். காலையில் கதவைத் திறந்தால் 7,816 மீட்டர் நந்தாதேவி நேரே நிற்கும். முழுக்க நம் நாட்டுக்குள் இருக்கும் மலைகளில் அதுதான் உயரம். பக்கத்தில் துனாகிரி, இந்தப் பக்கம் ஹாத்தி பர்வத். படுத்த யானையின் முதுகு போலவே இருக்கும். ஔலியிலிருந்து ஓக் காட்டுக்குள் ஏறி கோர்சன் புக்யால் போங்கள். காட்டை விட்டு வெளியே வந்ததும் திடீரென்று புல்வெளி விரியும், சுற்றிலும் சிகரங்கள். சாதாரணமாக நடப்பவர்கள் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நடைப் பழக்கம் உள்ளவர்கள் அங்கிருந்து குவாரி கணவாய் வரை கூடாரம் போட்டுப் போகிறார்கள். இவ்வளவும் இருந்து, டெல்லியிலிருந்து வருகிறவர்கள் அந்த மாதத்தில் ரொம்பக் குறைவு. இரண்டாவது இடம் மார்ச் கடைசி, ஏப்ரல். காடெல்லாம் புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) பூத்துச் சிவந்து கிடக்கும்.

குர்கான்: சொந்தக் காரில் ஒரே நாளில் போய்விடலாமா?

சுமார் 500 கிலோமீட்டர். கூகுள் காட்டும் நேரத்தை நம்பி ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், இருட்டிய பிறகு மலைச்சாலையில் ஓட்டவே வேண்டாம். முதல் நாள் மாலை ரிஷிகேஷில் தங்கி விடியற்காலையில் கிளம்புங்கள். ரயில் என்றால் நந்தாதேவி எக்ஸ்பிரஸ் விடியும் முன் ஹரித்வாரில் இறக்கிவிடும், அங்கிருந்து டாக்ஸி அல்லது பஸ். பனிக்காலத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே உங்கள் காரை எடுக்காமல் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டியில் போவதே நல்லது. இறுகிய பனியில் பிரேக்கைத் தொட்டால் வண்டி கேட்காது.

மயூர் விஹார் அக்கா மறுபடியும்: துணி, சாப்பாடு?

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. சரோஜினி நகரில் வாங்கும் கனமான ஒரே கோட்டைவிட, தெர்மல், கம்பளி, மேலே நீர் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது. பிள்ளைகளுக்கும் கருப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். சாப்பாட்டுக்கு ரொட்டி, ராஜ்மா, மேகி எங்கும் கிடைக்கும். சாதம் வேண்டுமென்றால் விடுதிக்காரரிடம் குக்கரில் வைக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் வேகாமல் நிற்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கையில் இருந்தால் இரண்டு வேளை ஓடிவிடும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் பாலிதீனில் இறுக்கிக் கட்டுங்கள், உயரம் ஏற ஏற மூடி வழியாக எண்ணெய் கசியும்.