ஹோப் காலேஜும் மூலைமட்டமும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் பத்தாவதில் நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கியிருக்கிறான். பதினொன்றாவது வேண்டாம், ஐடிஐயில் ஃபிட்டர் சேர்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். “இத்தனை மார்க் வாங்கிப்போட்டு இரும்பு ராவப் போறானா?” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஜி.டி.நாயுடு ஆரம்பித்த படிப்புதானே, தப்பாகவா இருக்கும் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் எல்லாம் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின், ஆகிவிட்ட காலத்தில் இரண்டு வருடம் போதுமா? மேலே படிக்க வழி உண்டா? ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

ஆர்., பெருந்துறை

அன்புள்ள ஆர்.,

மேலே படிக்க வழி உண்டு. இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் அதேபோல பி.ஈ. இரண்டாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் சிரிப்புக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஜி.டி.நாயுடு விஷயத்தை மட்டும் அப்படியே விட முடியாது. அவர் ஆரம்பித்தது ஐடிஐ அல்ல. 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் வர அவர் முன்னின்றார். ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஆகிவிட்டது. அவினாசி ரோட்டில் கண்டக்டர்கள் இன்றைக்கும் “ஹோப் காலேஜ் இறங்கு” என்கிறார்கள். கவர்னரையும் யாருக்கும் தெரியாது, காலேஜும் அங்கே இல்லை. பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

அந்தக் கல்லூரிக்கு நாயுடுவே முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு மாணவனுக்கு நேர விரயம், இரண்டு வருடம் தாராளம் என்று வாதாடினார். ஆங்கிலேய அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். ஐடிஐ வேறு வழியில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950ல், மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் அது. பொறியாளரைக் குறைந்த காலத்தில் செய்து தள்ளுவது அதன் நோக்கமல்ல, தொழிற்சாலைக்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும் என்பதுதான். இது தெரியாமல்தான் அதை “பாதி இன்ஜினியரிங்” என்று நினைக்கிறோம். நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டுதான் “போதுமா?” என்று கேட்கிறீர்கள்.

எதற்குப் போதுமா என்பதல்லவா கேள்வி? ஃபிட்டருக்கு இப்போதைய பாடத்திட்டம் வருடத்துக்கு 1,200 மணி நேரம். அதில் 840 பட்டறையில். அந்த மணிகள் உண்மையாகவே வைஸ் முன்னால், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பிடியின் முன்னால், கழிந்தால் போதும். நோட்டில் படம் வரைந்து கழிந்தால் நாலு வருடமும் போதாது.

உங்கள் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களே, அரத்தால் ராவும் அந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். வைஸ் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். உயர்ந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் இடுப்பு ஒடியும். அரத்தைத் தள்ள ஆரம்பிக்கும்போது அழுத்தம் அரத்தின் நுனியைப் பிடித்த கையில், நடுவில் இரண்டு கையிலும் சமமாக, முடிவில் கைப்பிடியைப் பிடித்த கையில். திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது, பல் மழுங்கிவிடும். இந்த அழுத்தம் கை மாறவில்லையென்றால் அரம் ஏற்றம் இறைப்பதுபோல ஆடும். இரும்புக் கட்டையின் இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மேடாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மூலைமட்டத்தை, அதாவது செங்கோணம் பார்க்கிற ‘ட’ வடிவ இரும்பை, வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கீற்று வரும். பயல்கள் அதைப் பார்த்துவிட்டு நடுவைத் தேய்ப்பதற்குப் பதில் மறுபடி மொத்தமும் தேய்ப்பார்கள். அளவு போய்விடும், கட்டை குப்பைக்கு. ராவிய முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். வியர்வையும் எண்ணெயும் ஒட்டினால் அரம் வழுக்கும், வெட்டாது. பல்லில் துகள் அடைத்துக்கொண்டால் முகத்தில் கீறல் விழும். பிரஷ் போட்டு எடுத்துவிட்டுச் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொள்ள வேண்டும்.

சிஎன்சி வந்தபிறகு இது எதற்கு என்பீர்கள். மெஷினில் ஏற்றுகிற கட்டையின் அடியில் ஒரு பிசிர் ஒட்டியிருந்தால் போதும், கட்டை சாய்ந்து உட்காரும். மெஷின் சொன்னபடி நேராகத்தான் ஓட்டை போடும், வேலை கோணலாக வரும். புரோகிராமைக் குறை சொல்லி அரை நாள் போகும். கட்டையை எடுத்து அடியை விரலால் ஒரு தடவு தடவிப் பிசிரைக் கண்டுபிடிக்கிறவன் யார்? ஆறு மாதம் ராவினவன்தான்.

மோட்டார் ஷாஃப்டில் 6205 பேரிங் ஏற்றுவதும் அப்படித்தான். உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஷாஃப்ட் 25க்கு மேல் 0.002 முதல் 0.015 வரை இருப்பது வழக்கம். 0.05 கூடினால் சுத்தியல் எடுப்பான், பேரிங்கின் உள் இடைவெளி செத்துவிடும், ஓட்டினால் சுடும். குறைந்தால் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே வழுக்கிச் சுற்றி ஷாஃப்டைத் தின்னும். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு எம்10 மரை போட 8.5 மில்லிமீட்டர் ட்ரில்தான் எடுக்க வேண்டும். 8 போட்டால் மரை வெட்டுகிற டேப் ஓட்டைக்குள்ளேயே முறியும். அதை வெளியே எடுக்கிற வேலை மரை போடுவதைவிடப் பெரிய வேலை.

பையன் ஆசைப்படுகிறான், அது பெரிய பாக்கியம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஜி.டி.நாயுடுவைத் துணைக்குக் கூப்பிடுவானேன்? அவனைக் கூட்டிக்கொண்டு நாலு ஐடிஐ ஏறி இறங்குங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், சுவரில் இருக்கிற சிஎன்சி படத்தையும் பார்க்காதீர்கள். ஒரு யூனிட்டில் 20 பேர். எத்தனை வைஸ் இருக்கிறது என்று எண்ணுங்கள். அரத்தைக் கையில் எடுத்து நகத்தை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் வாங்கிப் பல வருடமாகிறது. குப்பைப் பெட்டியைப் பாருங்கள், இரும்புத்தூள் இல்லையென்றால் கட்டை வாங்குவதில்லை என்று அர்த்தம். நிறையத் தனியார் இடங்களில் இதுதான் நோய். சில அரசு இடங்களும் விலக்கல்ல. கடைசியாக, இரண்டாம் வருடத்துப் பையன் ஒருவன் செய்த வேலையைக் கேட்டு வாங்கி, மூலைமட்டத்தை உங்கள் மாப்பிள்ளை கையிலேயே கொடுத்து, ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபீஸ் கேட்டிருந்தீர்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மற்றதை ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.