நரிக்குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல அதோட அம்மாவைக் காட்டச் சொல்லுங்க

கேள்வி: வீட்ல வளக்க ஒரு நரிக்குட்டி வாங்கலாம்னு இருக்கேன். விக்கிறவர் இது காட்டு நரி இல்ல, ரஷ்யாவுல விஞ்ஞானிங்க ஆறே தலைமுறையில பழக்கின வம்சம்னு சொல்றார். அஞ்சு வாரக் குட்டி, வீடியோவுல மடியில அழகா படுத்திருக்கு. பால்புட்டி குடுத்து வளத்தா நாய் மாதிரியே ஆயிடுமாம், சர்டிபிகேட்டும் தருவாராம். அட்வான்ஸ் குடுத்துட்டேன். பின்னாடி ஏதும் பிரச்சனை வருமா?

பதில்: வரும். எப்போ வரும்னே சொல்லிடறேன், குட்டிக்கு மூணு நாலு மாசம் ஆகும்போது.

அந்த வீடியோவை வெச்சு ஏமாறாதீங்க. சாதாரண நரிக்குட்டிக்கு புதுசா எதைப் பாத்தாலும் பயப்படற குணம் சுமார் ஆறு வாரத்துலதான் தலைதூக்கும், அதுக்கு முன்னாடி எந்தக் குட்டியா இருந்தாலும் மடியில படுக்கும், விரலை நக்கும், தூங்கும். விக்கிறவன் அஞ்சு வாரத்துலயே தள்ளிவிடப் பாக்கறதுக்கு வேற காரணமே வேணாம். ரெண்டுல இருந்து நாலு மாசத்துக்குள்ள ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கிடுகிடுன்னு ஏறும், நேத்து வரைக்கும் மடியில கிடந்தது இன்னைக்கு சோபாவுக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டு கைய நீட்டினா கடிக்கும், நீங்க ஃபோன் போட்டா "சார் நீங்க சரியா வளக்கல"ன்னு பழியை உங்க மேல போடுவான். இந்த டயலாக்கை நான் எத்தனை பேர் வாயால கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல.

அந்த ரஷ்ய ஆராய்ச்சி நிஜம்தான். நோவோசிபிர்ஸ்க்ல திமித்ரி பெல்யாயேவ், லுத்மிலா த்ரூத் ரெண்டு பேரும் 1959ல ஆரம்பிச்சது. ஆனா அதுல நரியை யாரும் "வளத்து" பழக்கல, அங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க. குட்டிகளுக்கு எந்தப் பயிற்சியும் குடுக்கக் கூடாது, மனுஷங்க கூட பழகற நேரமும் கொஞ்சம்தான்னு வேணும்னே வெச்சாங்க, கைய நீட்டினா எது பயப்படாம கடிக்காம நிக்குதோ அதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்தாங்க. ஆண்ல நூத்துக்கு நாலஞ்சு, பெண்ல சுமார் இருபது, அவ்வளவுதான் தேறும், மிச்சத்தை ஒதுக்கிடுவாங்க. முரட்டு வம்சத்துக் குட்டியை சாது தாய்கிட்ட குடுத்தும் மாத்தி குடுத்தும் பாத்தாங்க, வளத்த தாயோட குணம் வரல, பெத்த வம்சத்தோட குணம்தான் வந்தது. பால்புட்டியால காரியம் ஆகும்னா அவங்க எதுக்கு இத்தனை வருஷம் மெனக்கெடணும்?

ஆறு தலைமுறைக் கதையும் பாதிதான். நாய்க்குட்டி மாதிரி மனுஷனைத் தேடி வந்து முனகற குட்டிங்களை ஆறாவது தலைமுறையிலதான் தனி வகையா பிரிக்கவே ஆரம்பிச்சாங்க. பத்தாவது தலைமுறையில நூத்துக்கு 18, இருபதாவதுல 35. தொடங்கினதும் காட்டுல இருந்து பிடிச்சதுல இல்ல, ஃபர் பண்ணையில தலைமுறை தலைமுறையா கூண்டுல பிறந்த நரிங்களை வெச்சு. இதையெல்லாம் விட்டுட்டு "காட்டு நரி சில வருஷத்துல நாய் ஆச்சு"ன்னு தலைப்பு போடறவங்களும், ஆராய்ச்சிக் கட்டுரையை காசு கட்டினாதான் படிக்கலாம்னு பூட்டி வெச்சிருக்கறவங்களும் சேர்ந்துதான் இந்த புரோக்கருங்களுக்கு சோறு போடறாங்க.

சரி, அந்த வம்சத்து நரி வெளிய விக்கப்பட்டதே இல்லையான்னு கேப்பீங்க. விக்கப்பட்டிருக்கு. பணக் கஷ்டம் வந்தப்போ அந்த ஆராய்ச்சி நிறுவனமே கொஞ்சத்தை செல்லப்பிராணியா குடுத்தது. அதனால உங்க ஆளு சொல்றது நூத்துக்கு நூறு பொய்னு இங்க உக்காந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, அது நிஜமாவே அந்த வம்சம்னு வெச்சாலும் அது நரிதான். குணத்துல மாறினது பயமும் கோபமும்தான், தோண்டற புத்தி மாறல, எல்லை குறிக்க மூத்திரம் விடறது மாறல, வால் பக்கம் இருக்கற சுரப்பியோட வாடையும் போகல. மனுஷனைப் பாத்து வாலாட்டும், ஆனா அதுக்குன்னு மெத்தையை விட்டு வைக்காது. சர்டிபிகேட்டுக்கு வர்றேன், காகிதம் எவன் வேணா அடிப்பான். டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்னு சொன்னாலும் நம்பாதீங்க, கடையில கிடைக்கற கிட் எல்லாம் நாய், பூனையோட ப்ரீட் கண்டுபிடிக்க செஞ்சது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. அமெரிக்கா மாதிரி நாட்டுல வெறிநோய் ஊசிக்கு நரிக்குப் போடன்னு அனுமதி கிடையாது, வீட்ல வளக்கற நரிக்கு டாக்டர் போட்டாலும் சட்டத்தோட கணக்குல அது செல்லாம போயிடும். யாரையாவது கடிச்சா நாயை பத்து நாள் கட்டி வெச்சுப் பாக்கற மாதிரி நரியை வெச்சுப் பாக்க பல நாட்டுல விதி இல்ல, கொன்னு மூளையைத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. பல இடத்துல சட்டமும் காட்டு விலங்கா வீட்டு விலங்கான்னுதான் பாக்கும், இடையில ஒண்ணு இருக்கும்னு எழுதினவங்களுக்கு தோணவே இல்ல போல. அந்தக் குழப்பத்துல வாங்கினவன்தான் மாட்டுவான், வித்தவன் நம்பரை மாத்திட்டுப் போயிடுவான்.

அட்வான்ஸ் போனா போகட்டும். இருந்தாலும் மனசு கேக்கலன்னா ஒண்ணு பண்ணுங்க: குட்டியைப் பாக்கப் போகாதீங்க, தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்க, ஒரு வயசு தாண்டின இன்னும் ரெண்டு நரியையும். நீங்க, அதாவது அதுங்க பாத்திராத ஆளு, கூண்டுக்குள்ள மெதுவா கைய நீட்டணும், சோறு கையில இருக்கக் கூடாது, விக்கறவன் பக்கத்துல நிக்கக் கூடாது. பெல்யாயேவ் ஆளுங்களும் இப்படி கைய நீட்டித்தான் சோதிச்சாங்க. "தாய் வேற ஊர்ல இருக்கு"ன்னு பதில் வந்தா ஃபோனை வெச்சிடுங்க.