கைமணமும் புளித்தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்யாணப் பந்திகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். புனேயில் வேலை பார்க்கிறேன். மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் திரும்பி வரும்வரை சமாளித்தால் போதும் என்று நானே சமைக்கத் தொடங்கினேன். நாங்கள் சைவம். சாம்பார், ரசம், ஒரு பொரியல், அவ்வளவுதான் தேவை. நேரம் மிச்சமாகட்டும் என்று பருப்பு, தக்காளி, காய், புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைத்துவிடுகிறேன். பருப்பு குழைவதில்லை, கத்தரிக்காய் விறைத்துக்கொண்டு நிற்கிறது. புனே உயரமான ஊர், அதனால்தான் வேகவில்லை என்கிறார் அலுவலக நண்பர். அம்மாவிடம் அளவு கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்" என்கிறார். என்னென்ன பொடிகள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? இரும்புச் சட்டி நல்லதா, நான்ஸ்டிக் நல்லதா? அம்மாவின் கைமணம் என்பது பிறவியிலேயே வருவதா?

சு.

அன்புள்ள சு.,

சுகப்பிரசவம் ஆகட்டும். வீட்டில் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொடி எதுவும் வாங்க வேண்டாம். சட்டி, அடி கனமாக இருந்தால் எதுவானாலும் சரி. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை ஒட்டிப் போகும்போது அந்த இரண்டு டிகிரிக்கு என்ன மதிப்பு? நண்பரை அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசிக் கேள்விக்காக. போன வாரம் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாக இருந்த கணவர் ஒலிபெருக்கியை வாங்கி, "இவள் கைமணம் வேறு யாருக்கும் வராது" என்று தழுதழுத்தார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. காலை மாற்றி வைத்து நின்றார். வயதான முழங்கால். அதிலிருந்து இந்தக் கைமணம் என்ற பேச்சே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அது நம் ஆண்கள் கட்டிவிட்ட கதை ஐயா. உனக்கு மட்டுமே வரும் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டால், நாம் கற்றுக்கொள்ள வேண்டிய கடமை அந்த நிமிடமே தீர்ந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடந்தாலும் அவளே எழுந்து வந்து தாளிக்க வேண்டும். புகழ்ந்தே வேலை வாங்குவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

சாம்பாரில் நீங்கள் அம்மாவின் மணம் என்று நினைப்பதில் பாதி பெருங்காயத்தின் மணம். அது காலங்காலமாக ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற பிசின். இந்திய மண்ணில் அதைப் பயிரிடும் முயற்சியாக இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கன்று நட்டதே 2020இல்தான். மீதிப் பாதியும் எழுதி வைக்க முடியாத ரகசியம் அல்ல. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வெளியிட்டார். ஊர் விட்டு ஊர் போன எத்தனையோ பெண்கள் அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சமைத்தார்கள். வீட்டுச் சமையலை அளவோடு தாளில் இறக்க முடியும் என்று ஒரு பெண்மணி காட்டி முடித்துவிட்ட விஷயம் இது.

சரி, உங்கள் கத்தரிக்காய்க்கு வருகிறேன். அதைக் கெடுப்பது நீங்கள் ஊற்றும் புளி.

காயின் திசுக்களைச் செங்கலுக்கு நடுவே சாந்து போலப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெந்நீரில் அது மெல்லக் கரைவதைத்தான் வேகிறது என்கிறோம். புளிப்பு சேர்ந்தால் அது கரைய மறுக்கும். அதனால் முதலில் காயை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முக்கால் பங்கு வேக வையுங்கள். பிறகு புளித்தண்ணீர். அது கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் வெந்த பருப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பருப்போடு தக்காளியைப் போடுவதும் இதே தவறுதான், தக்காளியும் புளிப்பு. வெண்டைக்காய் மட்டும் விதிவிலக்கு. அதை எண்ணெயில் வதக்கிப் புளியில் விட்டால் கொழகொழப்பு அடங்கும், காயும் உடையாமல் நிற்கும். ஆக, புளி காயை இறுக்குகிறது என்பது நம் பாட்டிமாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வேண்டிய இடத்தில் பயன்படுத்தினார்கள், வேண்டாத இடத்தில் தள்ளி வைத்தார்கள். இதை அறிவு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை, மணம் என்றோம்.

பருப்புக்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஆழ்குழாய்த் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் அதே பெக்டினை இறுக்கிவிடும். குடிக்கிற தண்ணீரில் வேக வைத்துப் பாருங்கள். இன்னொன்று, கடையில் மாதக்கணக்காகக் கிடந்த பழைய பருப்பு. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். சோடா உப்புப் போடச் சொல்வார்கள். குழையும், ஆனால் வாய்க்கு விளங்காது.

பச்சை வாசனை போனதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அம்மா கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுப் பட்டாசாலையில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். அப்பாவுக்கு வீட்டில் உப்பு இருக்கும் இடம்கூடத் தெரியாது. நான் சமைத்தேன். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "புளி இன்னும் பச்சையாகவே இருக்கிறது, பருப்பைக் கொட்டிவிடாதே." கடுகு வெடித்துச் சத்தம் தணியும் நேரம் பார்த்து, "இப்போது மிளகாயைக் கிள்ளிப் போடு" என்பார். நான் மலைத்துப்போய், "அங்கிருந்தபடி எப்படி அம்மா தெரிகிறது?" என்று கேட்டேன். "ஏன், எனக்கு மூக்கும் காதும் இல்லையா?" என்று சிடுசிடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொல்லத் தொடங்கினார். பச்சைப் புளியின் ஆவி மூக்கின் நுனியில் சுள்ளென்று ஏறும். பத்து நிமிடக் கொதியில் அது அடங்கி, இனிப்பு கலந்த ஒரு வாசனை வரும். ரசம் நுரைத்துப் பொங்கி வரும்போது இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. அன்று மாலைவரை பேசினார். அவரிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

நீங்களும் கேட்கவில்லை, சு. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கண்ணளவு என்பதுதான் நேர்மையான பதில். காயின் முற்றலும் புளியின் பழமையும் தினம் மாறும்போது அவர் கிராம் கணக்கா சொல்ல முடியும்? எது முதலில், எது பிறகு, எந்த வாசனை வந்தால் இறக்க வேண்டும் என்று கேளுங்கள். குழம்பு கொதிக்கும்போதே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். காணொளிகளை நிறுத்துங்கள். கடுகு வெடிக்கும் இடத்தில் அவர்கள் வீணை இசையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். எது காதில் விழ வேண்டுமோ அது விழுவதில்லை. ஒரு மாதத்துக்கு ஒரே குழம்பு, ஒரே ரசம். சலித்தால் சலிக்கட்டும்.

அவள் திரும்பி வரும்வரை சமாளித்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது உங்களை நேரில் கண்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் பச்சைக்குழந்தையோடு, தூக்கம் கெட்டு, உடம்பு தேறாமல் வருவாள். வந்ததும் அவள் கையில் கரண்டியைக் கொடுப்பதாக உத்தேசமா? நீங்கள் ஒழுங்காகச் சமைக்க வேண்டிய நாளே அன்றைக்குத்தான் தொடங்குகிறது. இப்போது நடப்பது வெறும் ஒத்திகை.

பிள்ளை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் வைத்துக் கொடுக்கும் பூண்டுக் குழம்பை எப்படிச் செய்வதென்று எழுதி அனுப்புகிறேன். என் மனைவியைக் கேட்டல்ல, நானே.