எட்டு கோர் இருந்தும் லூப் ஏன் மெதுவாக ஓடுகிறது?

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ஸில் 4 கோடி வெப்பநிலை அளவீடுகளின் சராசரியைக் கணக்கிடுகிறேன். லூப்பை டிபிபி (த்ரெடிங் பில்டிங் பிளாக்ஸ்) லைப்ரரியின் பேரலல் ஃபாருக்கு (லூப்பைப் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டும் வசதி) மாற்றி, கூட்டுத்தொகை மாறியை மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டுப் பாதுகாத்தேன். விடை சரியாக வருகிறது. ஆனால் பழைய சாதாரண லூப்பே இதைவிட வேகமாக ஓடியது. த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்) எண்ணிக்கையைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், இன்னும் மோசமாகும். த்ரெட் விஷயத்தை டிபிபியே கவனித்துக்கொள்ளும். இன்டெல் 2006-இல் வெளியிட்ட இந்த லைப்ரரி, லூப்பின் வரம்பைப் பாதி பாதியாகப் பிரித்து டாஸ்குகளாக்குகிறது. வேலை முடிந்து சும்மா இருக்கும் த்ரெட், இன்னொன்றின் வரிசையிலிருந்து ஒரு டாஸ்க்கை எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் உங்கள் மியூட்டெக்ஸில் இருக்கிறது. ஒரு கூட்டலுக்கு ஒரு நானோசெகண்டுகூட ஆகாது. பூட்டித் திறக்க அதைப்போல் பல மடங்கு ஆகும். அதையும் 4 கோடி முறை செய்கிறீர்கள். ஒரு த்ரெட் கூட்டும்போது மற்ற ஏழும் காத்திருக்கின்றன. அட்டாமிக் மாறிக்கு (பல த்ரெட்கள் பூட்டில்லாமலே பாதுகாப்பாக மாற்றக்கூடிய மாறி) மாறினாலும் இந்த நெரிசல் தீராது. த்ரெட்டுக்கு ஒரு இடம் என்று சின்ன அரே வைப்பதும் ஆபத்துதான்: பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கோர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) விழுந்து, கோர்கள் அதற்காக இழுபறி செய்யும்.

உங்களுக்கு வேண்டியது பேரலல் ரெட்யூஸ். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கூட்டுத்தொகை போட்டு, கடைசியில் அவற்றைச் சேர்க்கும், பூட்டே தேவையில்லை. ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். உங்கள் லாம்ப்டாவுக்கு (ரெட்யூஸிடம் நீங்கள் கொடுக்கும் பெயரில்லாத ஃபங்ஷன்) வரம்போடு ஒரு தொடக்க மதிப்பும் வரும். கூட்டலை அந்த மதிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழக்கத்தில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், அதே த்ரெட் முந்தைய துண்டில் கூட்டியது காணாமல் போகும். சின்ன டேட்டாவில் சோதிக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாமல் போகலாம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடையின் கடைசி இலக்கங்கள் மாறினால் பதற வேண்டாம். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும். எப்போதும் ஒரே விடைதான் வேண்டுமென்றால் பேரலல் டிடர்மினிஸ்டிக் ரெட்யூஸ் இருக்கிறது. அதில் துண்டின் அளவை நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டுகள் மிகவும் பொடியாகிவிடும். சாதாரண ரெட்யூஸில் அந்த அளவைத் தொட வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

சரி, இதையெல்லாம் செய்தால் எட்டு மடங்கு வேகம் கிடைக்குமா? இந்த லூப்பில் கிடைக்காது. 4 கோடி டபுள் (8 பைட் தசம எண்) என்றால் 32 கோடி பைட். ஒவ்வொரு எண்ணையும் ஒரு முறை படித்துக் கூட்டுவதோடு வேலை முடிகிறது. கோர்கள் கேட்கும் வேகத்துக்கு மெமரியால் டேட்டா தர முடியாது. சென்சார் பிழைத்திருத்தம், அலகு மாற்றம் போன்றவற்றைத் தனித்தனி லூப்பாக வைத்திருந்தால் அவற்றையும் இதே லாம்ப்டாவுக்குள் கொண்டுவாருங்கள். டேட்டாவை ஒரே முறை படித்தால் போதும், கூடுதல் கோர்களுக்கும் உருப்படியான வேலை இருக்கும். நேரத்தை அளப்பது மட்டும் ரிலீஸ் பில்டில் (கம்பைலர் வேகத்துக்காகச் செம்மைப்படுத்திய பதிப்பு) இருக்கட்டும்.